நம்ம வீட்டுக் கை

மைசூர்,
10-2-1946

அன்புள்ள அக்காவுக்கு,

மாதேவி எழுதுவது. எழுதியதற்கே முதலில் மன்னித்துக்கொள். ஒரு கடிதம் வந்தால் நீ களத்து வேலையைப் போட்டுவிட்டு மல்லப்பன் வாத்தியார் வாசலில் போய் நிற்க வேண்டும், அவருக்கு ஒழிந்த நேரத்தில் படித்துக் காட்டுவார் என்பது தெரிந்தும் எழுதுகிறேன். படிக்கும் வாத்தியார் ஐயாவுக்கும் என் வணக்கம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே நான் சுகம். மை அங்கங்கே பரவியிருக்கும். என் கைதான் உனக்குத் தெரியுமே.

ஹெப்பாள் போகும் சாலையில் இருக்கிற காவேரி கடிகாரக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததைச் சொல்லியிருந்தேன். இங்கே பெரிய கூடத்தில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கடிகாரம் பூட்டுகிறார்கள். எள்ளைவிடச் சின்னத் திருகாணி. அவர்களுடைய நலன் பார்ப்பது, என்ன குறை என்று கேட்டு மேலே சொல்வது என் வேலை. பேசவே கூசுகிற எனக்கு இந்த வேலை! நீ சிரிப்பாய்.

கம்பெனி நல்ல கம்பெனி, அக்கா. அவ்வப்போது ஒரு மணி அடிப்பார்கள். அடித்ததும் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே சாமுண்டி மலையைப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போகக் கூடாதாம். வெளியூர்ப் பெண்கள் தங்க விடுதி உண்டு.

அடுத்த மாதம் புதிதாகப் பெண்களை எடுக்கிறார்கள். படிப்பு வேண்டாம். கை நடுங்கக் கூடாது, கை வியர்க்கக் கூடாது. மினுக்கின எஃகுத் தகடு ஒன்றை உள்ளங்கையில் மூடிப் பிடிக்கச் சொல்வார்கள். பிறகு அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு மறுநாள் பார்ப்பார்கள். சில பேர் வியர்வை பட்டால் எஃகு ஒரே நாளில் துருப்பிடித்துவிடும். அப்படிப்பட்டவர்களைப் பூட்டுகிற வேலைக்கு வைப்பதில்லை.

உன் சின்னவள் பாப்பாயியைப் பற்றி நீ போன தடவை வரப்பில் உட்கார்ந்து சொன்னதை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அனுப்புவதானால் மாசிக்குள் அனுப்பு. சேர்த்துக்கொள்வது என் கையில் இல்லை, சோதிப்பவர்கள் வேறு.

இன்னொன்று கேட்க நினைத்தேன். அடுத்த முறை எழுதுகிறேன்.

உன் தங்கை,
மாதேவி


ஹனூர்,
19-2-1946

சிரஞ்சீவி மாதேவிக்கு, பழனாத்தாள் சொல்ல மல்லப்பன் எழுதுவது. இவ்விடம் மாதேஸ்வரன் புண்ணியத்தில் யாவரும் சௌக்கியம். இனி அவள் வார்த்தை:

கண்ணு, முட்டிவலி கெடக்குது, அது எங்கூடவே வந்தது. பேரன் நாலு பல்லு முளைச்சு, ஆரு வெரலக் குடுத்தாலும் கடிக்கறான். செத்துப்போன மகளே திரும்பி வந்து கடிக்கற மாதர தெரியுது எனக்கு.

பாப்பாயியக் கூட்டிட்டு வர்றதுக்கு கொள்ளேகால் பஸ் கண்டக்டர் ஜடையங்கிட்டச் சொல்லிப்போட்டேன். நம்மூருப் பையன். அவ தூக்குல ஒரு பொட்டலம் வெச்சிருக்கறேன், மலைக் கோயில்ல வாங்குனது. தீந்தா மறுபடி ஜடையங்கிட்டயே குடுத்து உடறேன். என்ன பண்ணோணும்னு அவளுக்குச் சொல்லியிருக்கறேன். நீ ஒண்ணும் கேக்க வேண்டாம். நம்ம வீட்டுக் கை எப்படின்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை தொட்டையங்கிட்டக் கேட்டுட்டேன். மூத்தவ போனதுக்கு இளையவளக் கட்டித் தாறதா நாம சொன்ன வாக்கு வாக்குத்தான். அவன் சொன்னது இது: "கம்பெனி வெச்சுக்கிற வரைக்கும் இருக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். கம்பெனி வேண்டாம்னு அனுப்புச்சுன்னா அன்னைக்கே எம்பட வீட்டுக்கு." நாயமான பேச்சு. எங்காட்ட உழுது குடுக்கறதும் அவந்தானே.

(தொட்டையன் என் பெரியப்பா மகன் என்பதால் நானும் இதற்குச் சாட்சி. — மல்லப்பன்.)

உடம்பப் பாத்துக்க. எண்ணெய் தேச்சு முழுகு.


மைசூர்,
17-3-1946

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிக்கு இங்கே ஒரு தைலம் வாங்கி ஜடையனிடம் கொடுத்திருக்கிறேன். வாத்தியார் வீட்டில் எல்லோரும் நலமா? நானும் பாப்பாயியும் நலம்.

சந்தோஷச் செய்தி. பாப்பாயியின் தகட்டில் ஒரு புள்ளிகூட விழவில்லை. எனக்கு நம்பிக்கையே இல்லாமல் இருந்தது. கூண்டைத் திறக்கும்போது நான் கூடத்திலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். பிறகு அவளே ஓடி வந்து, "சின்னம்மா, கண்ணாடி மாதர இருக்குது, மூஞ்சி பாக்கலாம்" என்றாள். நம் வீட்டில் அவள் ஒருத்திக்காவது கை காய்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவளுக்கு வெள்ளைத் துணி கட்டின தலையும், கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியும். பக்கத்துப் பெஞ்சில் சித்தம்மா என்று மைசூர்ப் பெண். வீட்டில் சமைத்து வைத்துவிட்டு நடந்தே வருகிறவள். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். முதல் நாளே பாப்பாயியின் ராகிக் களியைப் பார்த்து, "நம்ம சாப்பாட்டையே தமிழ்ல சாப்பிடறியே" என்று பிடுங்கித் தின்றுவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே தூக்கில்தான் சாப்பிடுகிறார்கள். சித்தம்மாவின் அண்ணன் காங்கிரஸில் சேர்ந்து ஜெயிலுக்குப் போய் வந்தவர். அதனால் சிலர் அவளிடம் அதிகம் பேசுவதில்லை.

பூட்டுகிற கூடத்துக்குப் பெரியவர் சூப்பிரண்டு ஆழ்வார். மேல்கோட்டை ஐயங்கார். நெற்றி நிறையத் திருமண். கண்டிப்பானவர், ஆனால் பெண்களை "வாங்கோ, உக்காருங்கோ" என்றுதான் சொல்வார்.

மலைப் பொட்டலம் தீர்ந்துவிட்டதாம், வேண்டுமென்கிறாள். ஊரில் இவ்வளவு பக்தியாக இல்லையே!

கேட்க நினைத்தது அப்படியே இருக்கிறது. அவசரமில்லை.

மாதேவி


ஹனூர்,
1-4-1946

சிரஞ்சீவி மாதேவிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் மழை இல்லை. மற்றபடி யாவரும் க்ஷேமம். இனி பழனாத்தாள்:

தைலம் வந்துச்சு. பாதி முட்டிக்கு, பாதி வாத்தியார் சம்சாரத்துக்கு. (எழுத வேண்டாமென்றேன், கேட்கவில்லை. — ம.)

கண்ணாடி மாதர இருந்துச்சுன்னு கேட்டதும் நான் மலை இருக்கற பக்கம் பாத்துக் கும்பிட்டுட்டேன். பொட்டலம் ரெண்டாக் குடுத்து உட்டிருக்கறேன். சித்திரை வருது, வெய்யக் காலம். தவறாமப் பண்ணச் சொல்லு. காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா. சாமி காரியம்.

நீ என்னமோ கேக்கோணும்னு எழுதறே. என்ன வேணும் உனக்கு? கம்பு மாவா? கேளு.


மைசூர்,
5-5-1946

அன்புள்ள அக்காவுக்கு,

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். உன் உடம்புக்கு எப்படி? இங்கே வெயில் தாங்க முடியவில்லை. கூடத்தில் தூசு வரக் கூடாதென்று ஜன்னலை மூடித்தான் வைத்திருப்பார்கள். மணி அடிக்கும்போது கண்ணாடி வழியேதான் மலையைப் பார்க்கிறோம். பாப்பாயி நலம். வேலை சுத்தமாக இருக்கிறதென்று ஆழ்வார் அவள் பெஞ்சருகே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனியில் ஒரு கவலை. ரயில்வேக்குக் கொடுத்த பாக்கெட் கடிகாரங்களில் சில நின்றுபோய்த் திரும்பி வந்திருக்கின்றன. ஒரு ரயில் கார்டின் கடிகாரம் நின்றதில் இரண்டு வண்டிகள் ஒரே பாதைக்கு வர இருந்தனவாம். நல்ல வேளை, ஸ்டேஷனில் பார்த்துவிட்டார்கள். கடிகாரத்தைத் திறந்து பார்க்கிறார்கள். பெரிய விஷயமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கம்பு மாவு வேண்டாம், அக்கா. நான் கேட்க நினைத்தது சாமான் இல்லை.

மாதேவி


ஹனூர்,
20-5-1946

மாதேவிக்கு ஆசீர்வாதம். பழனாத்தாளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போது தேவலை. படுத்துக்கொண்டே சொல்கிறாள்:

கண்ணு, கடிகாரம் நின்னுபோனா ஆரையாவது வேலைய விட்டு அனுப்புவாங்களா? பாப்பாயிக்கு ஒண்ணும் வராதில்ல? பொட்டலம் வந்துச்சான்னு நீ எழுதவே இல்ல.

(மேற்படி சமாச்சாரத்தைத் தொட்டையனும் கேட்டுக்கொண்டிருந்தான். நீ விவரமாக எழுதினால் நல்லது. மறைக்க வேண்டியதில்லை. நான் அன்னியனா? — மல்லப்பன்.)


மைசூர்,
23-6-1946

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? ஒரு மாதமாக எழுதாததற்கு என் மேல் கோபப்படாதே. வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். அவர் விவரமாக எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

ரயில்வே திருப்பி அனுப்பிய கடிகாரங்களின் உள்ளே, அச்சு சுழலும் குழிகளில், சாம்பல் நிறத்தில் ஏதோ எண்ணெயோடு குழைந்து அப்பிக் கிடக்கிறது. பெங்களூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். சுட்ட சாணியின் சாம்பல் என்று பதில் வந்திருக்கிறது. அடுப்புச் சாம்பலை யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து தூவுகிறார்கள் என்று மேலே இருப்பவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். காலம் அப்படி இருக்கிறது, எங்கே பார்த்தாலும் ஸ்டிரைக். இன்னொரு தடவை கடிகாரம் திரும்பினால் ரயில்வே ஆர்டர் போய்விடும், பெண்கள் கூடத்தையே மூட வேண்டியதுதான் என்கிறார்கள்.

நின்ற கடிகாரங்களெல்லாம் பாப்பாயியும் சித்தம்மாவும் இருக்கிற வரிசையில் பூட்டினவை. விடுதிப் பெண்கள் அடுப்புப் பக்கமே போவதில்லை. சித்தம்மா வீட்டில் வறட்டி எரித்துச் சமைத்துவிட்டு வருகிறவள், அண்ணன் ஜெயிலுக்குப் போனவர். நேற்று அவளைக் கூப்பிட்டு, விசாரணை முடிகிற வரை வர வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். ஆழ்வார்தான் சொன்னார். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போலீஸுக்கு எழுதுவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

போகும்போது சித்தம்மா என் மேஜை முன் நின்றாள். "நீங்க நம்ம கஷ்டத்த மேல சொல்றவங்கதானே? சொல்லுங்க மேடம். ஹேளி. நான் இதச் செஞ்சேனா?" என்றாள். மேஜை மேல் இருந்த என் கை ஈரத்தில் காகிதம் ஒட்டிக்கொண்டது. "நல்லா இருக்கு உங்க நலன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பாப்பாயி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சிநேகிதி போய்விட்ட துக்கம்.

மாதேவி


மாதேவி கண்ணுக்கு

அக்கா எழுதறேன். வாத்தியார் இல்ல. நானே.

ரெண்டாங்கிளாஸ் எழுத்து. நீ படிக்கறப்பப் பக்கத்துல உக்காந்து பாத்தது. எழுத மூணு நாளு ஆச்சு. தப்பு இருக்கும்.

வாத்தியார் நீ எழுதுனதப் படிச்சாரு. சுட்ட சாணின்னு படிச்சாரு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவருக்குத் தெரியல.

துண்ணூறு சுட்ட சாணிதானே.

நான் குடுத்து உட்ட பொட்டலம் அது. நெத்திக்கு இல்ல. கைக்கு. உள்ளங்கைல பூசு, வேர்வ உறிஞ்சிக்கும்னு நாந்தான் சொன்னேன். எஃகுத் தகடு குடுப்பாங்கன்னு நீ எழுதுனயே, அதுக்கு. அப்பறம் தினமும் பூசச் சொன்னேன்.

அந்தப் புள்ள சித்தம்மா பண்ணல. எம் புள்ளையும் கெடுக்கோணும்னு பண்ணல. நான் பண்ணுனது.

என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. நீ படிச்சவ.

பழனாத்தாள்


ஹனூர்,
18-7-1946

மாதேவிக்கு மல்லப்பன் எழுதுவது. க்ஷேமம்.

உன்னிடமிருந்து பல நாட்களாகக் கடிதமில்லை. பழனாத்தாள் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறாள். நேற்று ஜடையன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு சமாச்சாரம் சொன்னான். கம்பெனியில் பாப்பாயியை அவள் உட்காருகிற பெஞ்சிலிருந்து எழுப்பி விட்டார்களாம், இப்போது கடிகாரத்தைத் தொடவே விடுவதில்லையாம். விடுதியில் சமைக்கிறவள் அவனிடம் சொன்னதாம். ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

தொட்டையன் வந்து உட்கார்ந்து, "கம்பெனி வேண்டாம்னு சொல்லிருச்சு, அப்பறம் என்ன?" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதான் சொன்னான். ஆடி கழிந்து வரும் முதல் முகூர்த்தத்தில் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். ஆவணி பிறந்ததும் அவனே மைசூர் வந்து பெண்ணை அழைத்துக்கொள்வான். நீ தடை சொல்லமாட்டாய் என்று நம்புகிறேன். நீயும் வாக்குக் கொடுத்த வீட்டுப் பெண்தான்.

பழனாத்தாளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மல்லப்பன்


மைசூர்,
24-7-1946

அக்கா,

நீ நலமா? நாங்கள் இரண்டு பேரும் நலம்.

இதை ஜடையனிடம் கொடுத்து உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாத்தியாரிடம் கொண்டுபோகாதே. பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படி. ஒரே நாளில் படிக்க வேண்டாம். ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது.

நீ எழுதின கடிதம் வந்தது. அதற்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதினால் நீ அதை வாத்தியாரிடம் எடுத்துப் போக வேண்டியிருக்கும் என்று பயந்தேன். நீயே எழுதினாய் என்றால் நீயே படிப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் படித்தவள்தான், ஆனாலும் தோன்றவில்லை.

உன் கடிதம் வந்த சாயங்காலம் விடுதித் துவைக்கிற கல்லில் பாப்பாயி துணி அடித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் காட்டினேன். உன் எழுத்து என்று பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் படித்தேன்.

கொஞ்ச நேரம் துணியை அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"சின்னம்மா, நீ சொன்னீன்னா நான் ஊருக்குப் போகோணும். சொல்லாட்டி சித்தம்மா ஜெயிலுக்குப் போவா. நீதானே படிச்சவ. எதுன்னு சொல்லு."

நான் கடிதத்தை மடித்தேன்.

"பேச மாட்டயா? எப்பவும் இப்படித்தான். அவ உன்ற முன்னால வந்து நின்னப்பவும் இப்படித்தான் உக்காந்திருந்தயாமா."

"உனக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டேன்.

"சுட்ட சாணின்னு சொன்ன அன்னைக்கே தெரியும். பயந்துட்டு இருந்தேன். கை வேர்த்தா வெளிய அனுப்பிருவாங்கன்னு." துணியைப் பிழிந்து உதறினாள். "அவ என்ற தூக்குல சாப்பிட்டவ, சின்னம்மா."

மறுநாள் காலை கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு பாப்பாயி எழுந்து ஆழ்வாரிடம் போனாள். எனக்கும் சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்திருந்தாள்.

"எனக்கு மறுபடியும் தகடு குடுங்க சாமி" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. "எதுக்கம்மா? நீதான் தேறியாச்சே."

"நான் தேறலைங்க. எங்கம்மா துண்ணூறுதான் தேறுச்சு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆழ்வார் தலையில் கை வைத்துக்கொண்டார். "விபூதியா! பெருமாளே, நாங்கள்லாம் திருமண்காரா. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தோம், பெங்களூர் வரைக்கும் அனுப்பினோம். கூடத்துல பாதிப் பேர் அத நெத்தியில வச்சுண்டு எதிர்க்க உக்காந்திருக்கா, எனக்குத் தோணவே இல்லையே!"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தகட்டைக் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் மூடிப் பிடித்து அங்கேயே நின்றாள். கண்ணுக்கு ஓய்வு தரும் மணி அடித்தது. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள், அவள் மட்டும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான், அக்கா, நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "இவள் என் அக்கா மகள். எனக்கும் ஒரு தகடு கொடுங்கள்" என்றேன். எல்லோர் முன்னாலும் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"நலன் பாக்கற அம்மாவுக்குமா?" என்றார் ஆழ்வார். கொடுத்தார்.

மறுநாள் கூண்டைத் திறந்தார்கள். இரண்டு தகட்டிலும் துரு. பாப்பாயியின் தகட்டில் அவள் கட்டைவிரல் ரேகை அப்படியே பழுப்பாகப் படிந்திருந்தது, பத்திரத்தில் வைத்த மாதிரி. அதைப் பார்த்துவிட்டுப் பின் வரிசையிலிருந்து ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அவள் சந்தனப்பொடி பூசுகிறாளாம். இன்னொருத்தி சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துக்கொள்கிறாளாம். எல்லோருக்கும் ஒரே பயம்.

ஆழ்வார் சுவரைக் காட்டினார். "கை வேர்த்தா யாரையும் அனுப்பமாட்டோம், வேற இடத்துல வேலை குடுப்போம், சம்பளம் குறையாதுன்னு அங்க எழுதி ஒட்டியிருக்கே, பாக்கலையா?"

பாப்பாயி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அது கன்னடமும் இங்கிலீசுங்களா? எனக்கு எதுவும் படிக்கத் தெரியாதுங்க. தமிழும் தெரியாது."

அவர் அந்தக் காகிதத்தின் அருகே போனார். பிறகு, "அப்போ நாங்க சொல்லவே இல்லை" என்றார். அந்தக் காகிதத்தை அவரே கிழித்து எடுத்தார். இனி அதை ஒவ்வொரு புதுப் பெண்ணிடமும் அவள் பேசுகிற பாஷையில் வாயால் சொல்ல வேண்டும், அவளே திருப்பிச் சொல்லும் வரை பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது என்று உத்தரவு. சொல்ல வேண்டியவள் நான். தினமும் அதன் பக்கமாகப் போயும் படித்துப் பார்க்காதவளும் நான்தான்.

சித்தம்மாவை அழைத்துவர ஜட்கா அனுப்பினார்கள். அவள் ஏறவில்லை. நடந்தே வந்தாள். "நடந்துதானே போகச் சொன்னீங்க, நடந்தே வர்றேன்" என்றாள். ஆழ்வார் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "தப்பு எங்களோடது, சித்தம்மா" என்று கைகூப்பினார். வராத நாட்களுக்கும் அவள் வந்ததாகவே கணக்கு. அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாப்பாயியிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தூக்கைத் திறந்து பார்த்து, "இதிலயும் சாம்பல் இருக்கா?" என்றாள். இப்போது சேர்ந்து சாப்பிடுகிறார்கள். என்னிடம் இன்னும் பேசுவதில்லை. அது நியாயம்.

வரிசைக்கு வரிசை படிகாரத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், கை கழுவ. ரயில்வே கடிகாரங்களை எல்லாம் திரும்ப வாங்கிக் கழுவிப் பூட்டுகிறார்கள். ஆர்டர் போகவில்லை.

பாப்பாயியைப் பெஞ்சிலிருந்து எழுப்பியது உண்மை. ஜடையன் பொய் சொல்லவில்லை. அவள் இப்போது பக்கத்து அறையில் இருக்கிறாள். பூட்டி மூடின கடிகாரங்களைத் தட்டுகளில் அடுக்கி வைத்து, எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று பெரிய கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. கை ஈரம் அங்கே ஒன்றும் செய்யாது. அதே சம்பளம், அதே விடுதி. கூடத்துக்குக் கண் ஓய்வு மணி அடிப்பது அந்த அறையிலிருந்துதான். இப்போது அதை அடிப்பது அவள். அவள் அடித்தால்தான் கூடம் முழுக்க மலையைப் பார்க்கும்.

கம்பெனி அவளை வேண்டாமென்று சொல்லவில்லை, அக்கா.

ஆனால் இதை நான் எழுதி என்ன? எழுதினால் வாத்தியார் படிப்பார். அவர் வாயில் வரும்போது வேறு மாதிரி வரும். மாப்பிள்ளை தொட்டையன் கெட்டவரில்லை. நியாயம் கேட்கிறார். கண்ணால் பார்த்தவர் யாராவது சொன்னால் கேட்பார். நான் சொன்னால் பெண்ணுக்குச் சித்தி, சப்பைக்கட்டுக் கட்டுகிறேன் என்பார்கள். பாப்பாயி சொன்னால் கேட்கவே மாட்டார்கள்.

நான் பட்டம் வாங்கின அன்று கூடத்தில் எல்லோருக்கும் யாராவது வந்திருந்தார்கள். எனக்கு யாரும் வரவில்லை. எல்லோரும் தடுத்தபோது என்னைப் படிக்க அனுப்பினவள் நீ. உன்னிடம் இன்னும் எதையாவது கேட்கக் கூசிக்கொண்டு அன்று சொல்லவே இல்லை. இந்த ஆறு மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் கேட்க நினைத்து எழுதாமல் விட்டதும் அதுதான்.

முட்டியைப் பார்த்துக்கொள். பேரனுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
மாதேவி

ஆடிப் பதினெட்டு கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஜடையன் பஸ்ஸில் ஏறு, அக்கா. யாரிடமும் சொல்ல வேண்டாம். பேரனையும் இடுப்பில் வைத்துக்கொள். திங்களன்று பாப்பாயி மணி அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார். பார்த்துவிட்டுப் போய், ஊரில் உன் வாயால் சொல். பஸ் நிற்கிற இடத்தில் நான் இருப்பேன். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள், ஈரமாக இருக்கும். வா.